மங்கள வார்த்தை: பத்து வரிக்கு மிகாமல்

பிப்ரவரி 12, ஞாயிறு

நாற்காலியை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து வாசலைப் பார்த்துப் போடுவதென்று இன்று முற்பகல் முடிவு செய்யப்பட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் எடுத்திருக்கும் முடிவுகளில் இதுவே பெரியது. அவசரத்தில் எடுக்கவில்லை, இரண்டு வாரம் யோசித்தேன். சாதகம்: காற்று. பாதகம்: வாசல் மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேராக உள்ளே வரும், இது வயர் பின்னிய நாற்காலி. இரண்டையும் எடைபோட்டுக் காற்றின் பக்கம் தீர்ப்பளித்தேன். யாரையும் எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

காலையில் இரண்டாம் பூசைக்கு அறிவிப்பு வாசித்தேன். தவக்காலக் கஞ்சிக்கு அரிசி தருபவர்கள் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் தரலாம். அன்பியக் கூட்டம், அதாவது தெருச் செபக் கூட்டம், புதன்கிழமை. சைக்கிள் சாவி ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. கல்லூரி நூலகராக இருந்த காலம் முதல் இந்தப் பங்குக் கோயிலில் அறிவிப்பு வாசிப்பவன் நான்தான். நூலகத்தில் பேசக் கூடாது என்று பிறருக்குச் சொல்லியே சம்பளம் வாங்கியவனுக்குக் கிடைத்த ஒரே மைக். ஒரு வாரத்தில் நான் பேசும் வார்த்தைகளில் முக்கால் பங்கு அதில்தான் செலவாகிறது. இது புகார் அல்ல. கணக்கு.

பிப்ரவரி 14, செவ்வாய்

ரசம் வைத்தேன். நன்றாக வந்தது. வேறு யாரும் சாப்பிடாததால் இது ஒருதலைப்பட்சமான கருத்து.

மதியம் போன் அடித்தது. தம்பி சவரிராஜ். எடுக்கவில்லை. ஐந்து தெரு தள்ளித்தான் இருக்கிறான். சொல்ல வேண்டியது இருந்தால் வந்து சொல்லலாம்.

பிப்ரவரி 15, புதன்

பங்குச் சாமியார் ஃபாதர் ரெக்ஸ் வழியில் பைக்கை நிறுத்தினார். வயது முப்பத்திரண்டு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார்.

“சார், மார்ச் இருபத்தஞ்சு மங்கள வார்த்தைத் திருநாள் வருதுல்லா? பங்கு மடல்ல போட ஒரு விளக்கம் வேணும். மங்கள வார்த்தைன்னா என்னன்னே இப்ப உள்ள புள்ளைங்களுக்குத் தெரியல.”

“எவ்வளவு பெரிதாக வேண்டும்?”

“பத்து வரி சார். அதுக்கு மேல போனா நானே படிக்க மாட்டேன்.”

ஒப்புக்கொண்டேன். நான் நான்கு வருடம் குருமடத்தில் சாமியாருக்குப் படித்தவன் என்பது அவருக்குத் தெரியும். ஏன் வெளியே வந்தேன் என்பது தெரியாது. அது எனக்கும் இன்னும் தெளிவாகவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

பத்து வரியில் முதல் வரி எழுதினேன். பதினான்கு பக்கம் வந்திருக்கிறது.

கபிரியேல் சம்மனசு, அதாவது வானதூதர், மரியாளிடம் வந்து, நீ ஒரு பிள்ளையைப் பெறுவாய் என்று சொன்ன செய்திக்கு நம் முன்னோர் வைத்த பெயர் மங்கள வார்த்தை. இப்போதைய திருநாள் அட்டவணையில் ‘ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு’ என்று இருக்கிறது. இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் நாளைக்குக் குடிநீர் வராது என்பதும் அறிவிப்புதான், கடவுள் வருகிறார் என்பதும் அறிவிப்புதான் என்றால், கேட்பவர்கள் எதற்குக் குடத்தை எடுப்பது என்று குழம்ப மாட்டார்களா?

‘மங்களம்’ நல்ல சொல். கச்சேரியில் அதைக் கடைசியில் பாடுவார்கள். கோயிலில் அதை வைத்துத் தொடங்கியிருக்கிறார்கள். ‘வார்த்தை’ இன்னும் நல்ல சொல். நம் ஊரில் சண்டைகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன: ‘எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.’ ஒரு வார்த்தைதான். நூறு பவுன் அல்ல.

இந்தக் கடைசி வரிகளை விளக்கத்திலிருந்து நீக்க வேண்டும். பொருளோடு ஒட்டவில்லை.

பிப்ரவரி 18, சனி

நேற்று எழுதியதைப் பின்னால் படிப்பவர்களுக்காக (அப்படி யாரும் இல்லை) ஒரு குறிப்பு.

மூன்று வருடத்துக்கு முன் தம்பி மகள் ஜெனோவாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் வீட்டு முறைப்படி, பேசி முடிக்கும் முன்னால் மூத்தவனிடம் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா செய்தார். சித்தப்பா செய்தார். தம்பி போன் செய்தான். “அண்ணே, வியாழக்கிழம நிச்சயம். திடீர்னு கூடிட்டு. வந்துருங்க.” நான் சரி என்று சொல்லி, போகவில்லை. கல்யாணப் பத்திரிகையை ஓர் ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தான். அவர் நல்ல மனிதர். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. மாப்பிள்ளை டெரன்ஸுக்குக் கோவில்பட்டி.

அன்று முதல் அவன் போனை நான் எடுப்பதில்லை. போன் ஒரு கருவி. முறை அல்ல.

ஜெனோவா சிறுபிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை தோறும் நூலகத்துக்கு வருவாள். என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். இது பொருளுக்குத் தொடர்பில்லாதது.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்க இரண்டு வரிசை. என் வரிசையில் எனக்கு முன்னால் தம்பி மனைவி பாக்கியசீலி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரிசைக்கு மாறினாள். அது நீளமான வரிசை.

நீ மண்ணாயிருக்கிறாய் என்று எனக்கு ஃபாதர் சொன்னார். அவர் நேரில் வந்து சொல்கிறார். அதைப் பாராட்ட வேண்டும்.

பிப்ரவரி 25, சனி

ரத்த அழுத்த மாத்திரை வாங்க இருதயராஜ் மெடிக்கலுக்குப் போனேன். அவர் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

“தம்பி வீட்ல இந்தத் தடவ நல்லபடியா முடியணும் சார். ஊசியெல்லாம் நம்ம கடையிலதான் வாங்கி அனுப்புதாவ. கோவில்பட்டில ஸ்டாக் இல்லையாம்.”

“என்ன ஊசி?”

“ஜெனோவா பாப்பாவுக்குத்தான், கரு தங்கணும்லா...” தலையைத் தூக்கினார். “பெரியப்பால்லா நீங்க? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியும்” என்றேன்.

“வெளிய சொல்ல வேண்டாம்னு பாக்கியசீலி அக்கா சொல்லிச்சு. நான் சொன்னதாக் காட்டிக்கிடாதீங்க.”

பத்து மாத்திரை கொண்ட அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் சில்லறை வாங்க மறந்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இரண்டாவது வரைவு. இது திருத்தமாக வந்திருக்கிறது.

மங்கள வார்த்தையின் உட்பொருள் செய்தியில் இல்லை, வருகையில் இருக்கிறது. கடவுள் நினைத்திருந்தால் மரியாளின் கனவில் சொல்லியிருக்கலாம். சூசையப்பருக்கு அப்படித்தான் சொன்னார். தச்சருக்குக் கனவு போதும் என்று நினைத்திருக்கலாம். மரியாளுக்கு மட்டும் ஆள் அனுப்பினார். சம்மனசு வீட்டுக்குள் வந்தது. முதலில் வாழ்த்துச் சொன்னது. பிறகு விஷயத்துக்கு வந்தது. இதுதான் முறை. மங்கள வார்த்தையை வாசலில் ஆட்டோ நிறுத்திக் கொடுத்தனுப்ப முடியாது.

எங்கள் பாட்டி காலத்துச் செபத்தில் இதை ‘விசேஷம்’ என்பார்கள். சம்மனசு மரியாளுக்கு விசேஷம் சொன்னதாக வரும். நம் வீடுகளில் புதுப்பெண்ணைப் பார்த்து ‘என்ன, விசேஷம் உண்டா?’ என்று கேட்கிறோமே, அதே சொல். சொல்ல வேண்டியதை வந்து சொல்வது விசேஷம். மருந்துக்கடையில் தெரிந்துகொள்வதற்கு என்ன பெயர் என்று அகராதியில் தேடினேன். இல்லை.

பிப்ரவரி 27, திங்கள்

யாரும் வரவில்லை. காற்று நன்றாக வந்தது.

மார்ச் 1, புதன்

அப்படியே.

மார்ச் 2, வியாழன்

சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். மின்சார ரீடிங் எடுப்பவர். உட்காரச் சொன்னேன். நேரமில்லை என்றார்.

தம்பியிடமிருந்து போன். அடித்து நின்றது.

மார்ச் 4, சனி

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லாத ஒன்றுக்காக நான் செபிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எனவே நாளைய பூசைக்கு ஒரு கருத்து, அதாவது இன்னாருக்காக என்று ஒரு வேண்டுதல், கொடுத்திருக்கிறேன். சீட்டைக் கோயில்பிள்ளை மிக்கேல் வாங்கிப் பார்த்து, “நல்ல காரியம் சார்” என்றார். பூசைக் கருத்துகளை ஆரம்பத்தில் வாசிப்பதும் நான்தான் என்பது தற்செயல்.

பூசைக் கருத்து வேறு, அறிவிப்பு வேறு. முன்னது கடவுளுக்கு. பின்னது மக்களுக்கு. மைக் ஒன்றுதான் என்றாலும்.

மார்ச் 5, ஞாயிறு

வாசித்தேன். “ஜெனோவா டெரன்ஸ் அவர்களின் சுகப் பிரசவத்திற்காக. வேண்டுபவர், பெரியப்பா சூசைமாணிக்கம்.” அதற்கு முன்னால் இறந்தவர்களுக்காக இரண்டு ஆன்ம இளைப்பாற்றி, பின்னால் ஒரு பிறந்தநாள். எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் வாசித்தேன். ‘பெரியப்பா’ என்ற இடத்தில் மைக் கொஞ்சம் கிறீச்சிட்டது.

பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் பாக்கியசீலி. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பூசை முடியும் முன்னே எழுந்து போய்விட்டாள். வெயிலுக்கு முன் வீடு சேர நினைத்திருக்கலாம்.

வெளியே வந்ததும் பலர் கைகொடுத்தார்கள். மேரி ஸ்டெல்லா டீச்சர், “அப்ப மூணாவது தடவை கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு” என்றார். எதில் மூன்றாவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் போய்விட்டார். தொலைந்த சைக்கிள் சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மார்ச் 6, திங்கள்

தம்பி வந்தான்.

சாயங்காலம் வெயில் நாற்காலியில் விழுந்துகொண்டிருந்த நேரம். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றாமல் படியில் நின்றான். அருகில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது, தலை நரைத்திருக்கிறது. “உள்ளே வா” என்றேன்.

“வரல.”

“காப்பி...”

“அண்ணே, உங்களுக்கு என்ன பாவம் செஞ்சோம் நாங்க?”

பதில் சொல்ல எனக்குச் சில குறிப்புகள் தயாராக இருந்தன. அவன் இடம் கொடுக்கவில்லை.

“ரெண்டு தடவ போச்சுண்ணே. மொதல்ல மூணாம் மாசம். அடுத்தது நாலுல. அதான் இந்தத் தடவ அஞ்சு முடியட்டும், வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு இருந்தோம். அவ மாமியா அவுக சொந்த அண்ணன்காரர்ட்ட கூடச் சொல்லல. நீங்க மைக்குல சொல்லிட்டிய. சம்பந்தி தங்கச்சி நம்ம பங்குதானே? அவ பூசை முடியும் முன்னே கோவில்பட்டிக்குப் போன் போட்டுட்டா. ராத்திரியிலருந்து ஆளாளுக்குக் கூப்புடுதாவ. புள்ள போன ஆஃப் பண்ணிட்டு அழுதுக்கிட்டுக் கெடக்கா.”

“எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே” என்றேன்.

“எத? ரெண்டு தடவ போனதயா? அது வெத்தல பாக்கு வச்சு சொல்லுத விஷயமா?”

“இது?”

“இதச் சொல்லத்தான் போன் போட்டேன்! ஒரு தடவையா? ‘அண்ணே, பாப்பா முழுகாம இருக்கா, வேண்டிக்கிடுங்க, வெளிய மட்டும் சொல்லிராதீங்க’ன்னு சொல்லத்தான் போட்டேன். நீ எடுத்தியா?”

என் தம்பி பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை ‘நீ’ என்றான். அவனுக்கே அது கேட்டுவிட்டது. கொஞ்ச நேரம் என் நாற்காலியைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான்.

“இங்க எதுக்குப் போட்டிருக்கிய? வெயில் அடிக்குல்லா” என்றான்.

“காற்றுக்கு.”

போய்விட்டான். ஆனாலும் நேரில் வந்தான். காப்பி டிகாக்ஷன் வீணாகக் கூடாதென்று நானே இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

தூக்கமில்லை. காப்பி.

மார்ச் 10, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினான்கு நிலையிலும் முழங்கால் போட்டேன். மூட்டு வலிக்கிறது. விளக்கம் ஒரு வரியும் நகரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் ரெக்ஸ், பூசை உடுப்பு மாற்றும் சக்கரிஸ்டி அறைக்குள் கூப்பிட்டார். ஹெல்மெட் இல்லாமல் அவர் முகம் சிறியது.

“சார், தப்பா நினைக்காதீங்க. பங்குப் பேரவையில பேசுனோம். புரொஜெக்டர் வாங்கியாச்சு. இனிமே அறிவிப்பு, பூசைக் கருத்து எல்லாம் ஸ்கிரீன்ல ஓடட்டும்னு முடிவு. ஈஸ்டர்லருந்து.”

“புகார் ஏதும் வந்ததா?”

“புகார்னு இல்ல...” ஜன்னலைப் பார்த்தார். “உங்களுக்கும் நிக்கக் கஷ்டமா இருக்கும்.”

“ஐந்து நிமிடம் நிற்பதில் கஷ்டம் இல்லை.”

“அந்த விளக்கம் எந்த அளவுல இருக்கு சார்?”

நன்றாக நகர்கிறது என்றேன். பதினான்கு பக்கத்திலிருந்து நான்காகக் குறைத்திருக்கிறேன். அந்த நான்கிலும் இப்போது எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 15, புதன்

லூக்காஸ் சுவிசேஷம் முதல் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். குருமடத்தில் இதை லத்தீனில் மனப்பாடம் செய்தவன் நான். அப்படியும் ஒரு வசனம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. எலிசபெத்து அம்மாள் வயதான காலத்தில் கருவுற்றாள். ஐந்து மாதம் ஒளிந்திருந்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

உரைநூல்களில் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். தியானம் செய்தாள் என்கிறார் ஒருவர். நன்றி செலுத்தினாள் என்கிறார் மற்றவர். எல்லாரும் கற்றவர்கள். எல்லாரும் ஆண்கள்.

ஐந்து மாதம்.

அந்தச் செய்தி மரியாளுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் பார்த்தேன். எலிசபெத்து சொல்லி அனுப்பவில்லை. சம்மனசு தன் செய்தியைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, ‘உன் உறவுக்காரிக்கும் இது ஆறாம் மாதம்’ என்கிறது. ஏறக்குறைய மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே சொல்கிற மாதிரி. எனக்கு ஏன் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மரியாள் கேட்டதாக சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. சம்மனசு போன அடுத்த வசனத்தில் எழுந்து எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். விரைவாக என்று வேறு போட்டிருக்கிறது.

இது விளக்கத்துக்கு வெளியே உள்ள விஷயம். மங்கள வார்த்தை அதற்கு முன்னமே முடிந்துவிடுகிறது.

மார்ச் 19, ஞாயிறு

இன்று சூசையப்பர் திருநாள், எனவே என் நாமத் திருவிழா. தவக்கால ஞாயிறில் விழுந்ததால் திருச்சபை அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றியிருக்கிறது. எதற்கும் இரண்டு நாளும் வீட்டில் இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 20, திங்கள்

இருந்தேன்.

ஜெனோவா எட்டாம் வகுப்பு வரை இந்த நாளுக்கு அட்டை செய்து கொண்டுவருவாள். ஒரு வருடம் சூசையப்பருக்குக் கண்ணாடி போட்டு வரைந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “உங்கள மாதிரி இருக்கட்டும்னுதான் பெரியப்பா” என்றாள். நூலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபோது எடுக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 23, வியாழன்

கோவில்பட்டிக்கு பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன். பொது அறிவுக்காக.

மார்ச் 25, சனி. மங்கள வார்த்தைத் திருநாள்

ஆறு மணிப் பூசையில் ஃபாதர் பிரசங்கம் நான்கு நிமிடம். அங்கிருந்து நேராகப் பேருந்து நிலையம். மாதுளை வாங்கினேன். அல்வாவும் வாங்கினேன். தவக்காலத்தில் அல்வா முறையா என்றொரு கேள்வி எழுந்தது. இன்று திருநாள், விலக்கு உண்டு என்று தீர்த்துவைத்தேன். கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய் கொண்டுபோனவன் என்ற பெயரிலிருந்தும் தப்பித்தேன்.

முகவரி கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்ததற்குச் சிறப்புக் காரணம் ஏதுமில்லை. நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

கதவைத் திறந்தவர் சம்பந்தியம்மாள் மதலேனாள். கையில் கரண்டி.

“யாரு?”

“சூசைமாணிக்கம். ஜெனோவாவுக்குப் பெரியப்பா.”

“மைக்குல வாசிச்சவுகளா?”

“ஆம்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்க தங்கச்சி சொன்னா. அவ்வளவு தெளிவா இருந்துச்சாம். ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சாம்.”

“நன்றி” என்றேன். பழக்க தோஷம்.

அவர் கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினார். நான் வந்த பஸ் திரும்பிப் போவதற்குள் பிடித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள், “செருப்ப வெளிய போடுங்க” என்றார். “சத்தமாப் பேசாதிய. புள்ள படுத்திருக்கா. கரு நிக்கத் தையல் போட்டிருக்கு. கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்கு. இன்னும் கண்டம் தாண்டல.”

நான் மெதுவாகப் பேசி ரொம்ப நாளாகிறது. எப்படியென்று நினைவுபடுத்திக்கொண்டேன்.

உள்ளறையில் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஜெனோவா தலை தாழ்ந்து, கால் உயர்ந்து படுத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைத் தலைகீழாகத்தான் முதலில் பார்த்திருப்பாள்.

“பெரியப்பா.”

“ம்.”

“எப்படி வந்தீங்க?”

“பஸ்ஸில்.”

“உக்கார எடம் கெடச்சுதா?”

“கயத்தாறு வரை இல்லை. அப்புறம் கிடைத்தது.”

இதற்குப் பிறகு இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிட்டது. சம்பந்தியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நிலைப்படியில் நின்றார். வரும் வழியில் சொல்லுவதற்கு நான் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். மூன்று வாக்கியம். அதில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அறிவிப்புகளை எப்போதும் எழுதி வைத்துத்தான் வாசித்திருக்கிறேன்.

ஜெனோவா இரண்டு கையையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தாள்.

“பெரியப்பா, உங்ககிட்ட ஒரு விசேஷம் சொல்லணும்.”

“நல்ல கதையாருக்கே!” என்றார் சம்பந்தியம்மாள். “அவுகளுக்குத் தெரியாதாக்கும். ஊருக்கே ஒலிபெருக்கி வச்சுச் சொன்னவுகள்ட்ட...”

“நான் இன்னும் சொல்லலையே அத்தை.”

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“எனக்கு அஞ்சாம் மாசம் பெரியப்பா. வேண்டிக்கிடுங்க.”

“அப்படியா?” என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரிக்கக் கூடாதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “காப்பி ஆறுது” என்று என்னை அதட்டினார். குடித்தேன். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. புறப்படும்போது, “இனி யாருட்டயும்...” என்று சம்பந்தியம்மாள் தொடங்கினார். தலையசைத்தேன். மாதுளையை மட்டும் எடுத்துக்கொண்டு அல்வாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டாக்டரம்மா இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம்.

மார்ச் 26, ஞாயிறு

விளக்கத்தை முடித்து ஃபாதரிடம் கொடுத்தேன். பஸ்ஸில் எழுதியது. முழுவதும் இதோ:

‘மங்கள வார்த்தை: ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொள்வது. எப்போது சொல்வதென்பது உரியவர் கையில் இருக்கிறது. செய்தியைச் சொன்னதும் சம்மனசு போய்விட்டது.’

“பத்து வரி கேட்டேன் சார்.”

“மீதியை அவர்களே நிரப்பிக்கொள்ளட்டும்.”

“நல்லாருக்கு. ஆனா மடல் வெள்ளிக்கிழமையே அச்சாயிட்டு. உங்களுக்காகக் காத்திருந்து பாத்தேன்.” எடுத்துக் காட்டினார். என் விளக்கத்துக்கு விட்டிருந்த இடத்தில் பாத்திரக்கடை விளம்பரம் இருந்தது. கட்டம் கட்டி நன்றாகவே போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

கடைசியாக அறிவிப்பு வாசித்தேன். பரிசுத்த வாரப் பூசை நேரங்கள். கண்டெடுத்த சைக்கிள் சாவி இன்னும் கோயில்பிள்ளையிடம் இருக்கிறது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

அறிவிப்புகள் திரையில் ஓடின. கொஞ்சம் வேகம் அதிகம். எட்டாவது வரிசையிலிருந்து பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் எல்லாருடைய பின்தலையும் தெரிகிறது. இத்தனை வருடம் முகங்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

மே 14, ஞாயிறு

வெயில். ரசம். இந்த வாரம் யாரிடமும் பேசவில்லை, பால்காரரைத் தவிர. அவரும் ஊருக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 21, புதன்

கோயில் வாசலில் தம்பியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். “எட்டு ஆரம்பிச்சிருக்கு” என்று என்னைக் கடக்கும்போது சொன்னான். நிற்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இதில் எழுதுவது சேராது.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது போன். தம்பி. சோப்பு நுரையோடு எடுத்தேன்.

“அண்ணே...” என்றான். நான் எடுப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. “பொம்பளப் புள்ள. செவ்வாக்கெழமையே பொறந்துட்டு. ரெண்டு பேரும் சொகம்.”

செவ்வாய், புதன், வியாழன். சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் நான் எத்தனையாவது என்று கேட்கவில்லை.

“அப்படியா?” என்றேன். “ரொம்ப சந்தோஷம்.”

“ஞானஸ்நானம் கோவில்பட்டிலதான். சின்னதா. இனிமேதான் யாரைக் கூப்பிடணும்னு பாக்கணும்.”

“சரி” என்றேன்.

போனில் நுரை பட்டுவிட்டது. துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

வாசல் பக்கத்து வெயிலில் நாற்காலியின் வயர் பொரிந்து, உட்காரும் இடத்தில் அறுந்துவிட்டது. பின்னக் கொடுத்திருக்கிறேன். அந்த நிறம் இப்போது வருவதில்லையாம்.